மதிலுக்கு இந்தப் பக்கம்

ஹாக்ஸ்லி, லங்காஷயர்
8 செப்டம்பர் 1996

அன்புள்ள பிரெண்டா,

என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நாள் முழுக்க பஸ் ஓட்டுகிறவனுக்கு முழங்கால் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. உனக்கும் மேக்னஸுக்கும் உடம்பு எப்படி? ஆர்க்னித் தீவில் இப்போதே குளிர் வந்திருக்குமே, படகில் வேலை செய்கிறவருக்குச் சிரமம்தான்.

உன் மகன் நன்றாக இருக்கிறான். என் ஜீன் என்னை விட்டுப் போனதிலிருந்து பூட்டிக்கிடந்த பின்னறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். காலையில் பயிற்சிக்குப் போகிறான், மத்தியானம் வந்து ஒரு முழு ரொட்டியைத் தின்கிறான். "ரோரி, கோலுக்குள்ள பந்து போகாம பாத்துக்கறவன் வாய்க்குள்ள இவ்வளவு போக விடலாமா?" என்று கேட்டேன். "அதுக்குத் தனி டிஃபென்ஸ் கிடையாது மாமா" என்கிறான். கிளப்பில் அவன் இரண்டாவது கோல்கீப்பர். வால்ஷ் என்கிற பெரிய ஆள் முதலில் இருக்கிறான். பத்தொன்பது வயதுக்கு இதுவே அதிகம்.

நம் ஹாக்ஸ்லி டவுன் கிளப்பைக் கோடையில் ஒருவர் வாங்கிவிட்டார். கார்னெல் என்று பெயர், கட்டடத் தொழில். போன வாரம் ரசிகர் சங்கத்துக்கு வந்து பேசினார். நான் செயலாளர் என்பதால் என் பக்கத்து நாற்காலி. "உங்க ஒவ்வொருத்தரையும் என் வாடிக்கையாளரா மதிக்கிறேன்" என்றார். நம் பேரி ஹோல்டன் எழுந்தான். "நான் வாடிக்கையாளர் இல்லீங்க. சரக்கு மோசம்னா வாடிக்கையாளன் வேற கடைக்குப் போவான். நாங்க முப்பது வருசமா மோசமான சரக்கையே வாங்கிட்டிருக்கோம்." கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. கார்னெலும் சிரித்தார். ஆனால் அவர் பல்லை மட்டும்தான் பார்த்தேன்.

பிரிட்ஜ் லேன் மைதானத்தை விற்றுவிட்டு, கிளப்பை நாற்பது மைல் தள்ளி மார்ஷ்பிக்குக் கொண்டுபோகப் போகிறார் என்று ஒரு பேச்சு. அங்கே நகராட்சி இடம் கொடுக்கிறதாம். நான் நம்பவில்லை.

நீ சொன்னபடி எழுதுகிறேன், போன் செய்யவில்லை. நாம் போனில் பேசினால் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

மேக்னஸைக் கேட்டதாகச் சொல்.

உன்
டெரிக்


ஸ்ட்ராம்னஸ், ஆர்க்னி
29 செப்டம்பர் 1996

அன்புள்ள டெரிக்,

உன் முழங்காலுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். கால்நடை மருத்துவர் குதிரைக்குக் கொடுப்பது. மேக்னஸ் இரண்டு வருடமாக அதைத்தான் தேய்க்கிறார், இன்னும் கனைக்கவில்லை. நான் நலம். காற்று மட்டும்தான் நிற்கமாட்டேன் என்கிறது.

நீ அவனை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய் என்று தெரியும். அதற்கு நன்றி சொன்னால் உனக்குக் கோபம் வரும், அதனால் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று. அவனை உன் சங்க விவகாரத்துக்குள் இழுக்காதே. அவனுக்குக் கால்பந்து பிழைப்பு. உனக்கு அது என்னவென்று, அந்த ஊரில் உன்னோடு வளர்ந்தவள் நான், எனக்கே இன்னும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு, ஒன்றே ஒன்று என்றது பொய். அவன் முதல்முதலாகப் பெரிய அணிக்குக் கோலில் நிற்கும் நாளில் நான் இங்கே மீன் பதனிடும் தொழிற்சாலையில் கையுறையோடு நின்றுகொண்டிருப்பேன். அந்த ஆட்டத்தை நீ எனக்காகப் பார். ஒன்றுவிடாமல் எழுது. அவன் எழுதமாட்டான். "ஓகேம்மா, நல்லாப் போச்சு" என்பான்.

மேக்னஸ் தன் அன்பைச் சொல்லச் சொன்னார். சொல்லவில்லை, தலையை ஆட்டினார். அவருக்கு அதுதான் அன்பு.

பிரெண்டா


ஹாக்ஸ்லி
24 நவம்பர் 1996

அன்புள்ள பிரெண்டா,

களிம்பு வேலை செய்கிறது. பஸ்ஸில் ஏறுகிறவர்கள்தான் மூக்கைப் பிடிக்கிறார்கள். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ கேட்ட கடிதம் இது. செவ்வாய்க்கிழமை பயிற்சியில் வால்ஷுக்கு விரல் முறிந்துவிட்டது. நேற்று ரோரி ஆடினான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று சமன். இருபதாவது நிமிடத்தில் இடது ஓரத்திலிருந்து உயரமாக வந்த பந்தை விரல் நுனியால் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டான். இடைவேளைக்குச் சற்று முன்பு எதிரணியின் முன்னணி வீரர் தனியாக வந்தபோது, தயங்காமல் முன்னேறிக் காலடியில் பாய்ந்து பந்தைக் கைப்பற்றினான். அவர்கள் போட்ட கோலில் அவன்மேல் குற்றம் இல்லை. நம் தடுப்பாட்டக்காரன் முழங்காலில் பட்டுத் திசை மாறியது. மொத்தத்தில் வயதுக்கு மீறிய நிதானம்.

வீட்டுக்கு வந்து நான்கு முட்டை சாப்பிட்டான். தூங்கிவிட்டான்.

நேற்று சங்கத்துக்கும் முக்கியமான நாள். கார்னெல் விஷயத்தில் எதிர்ப்பைக் காட்டினோம். நல்ல கூட்டம். அதைப்பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உன்
டெரிக்


ஸ்ட்ராம்னஸ்
8 டிசம்பர் 1996

அன்புள்ள டெரிக்,

எல்லாரும் நலம். மேக்னஸுக்கு இருமல், ஆனால் டிசம்பரில் இருமாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். தொழிற்சாலையில் ஆறு பேருக்கு வாசித்துக் காட்டினேன். ஒருத்திக்குக் கால்பந்தே தெரியாது, அவளும் கை தட்டினாள்.

பிறகு ரோரி ஹாக்ஸ்லிப் பத்திரிகையிலிருந்து ஒரு துண்டு வெட்டி அனுப்பினான். அதையும் படித்தேன். இருபதாவது நிமிடம், விரல் நுனி, தயங்காமல் முன்னேறி. எல்லாம் அப்படியே இருக்கிறது. "வயதுக்கு மீறிய நிதானம்" கூட. டெரிக், நீ பிறந்ததிலிருந்து உன் வாயில் வந்திருக்கிற சொல்லா அது? நீயாக எழுதியிருந்தால் "பய பயப்படல" என்று எழுதியிருப்பாய்.

நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்?

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அவனுக்கு ஸ்வெட்டர், உனக்குக் கையுறை அனுப்பியிருக்கிறேன். அளவு சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

பிரெண்டா


ஹாக்ஸ்லி
5 ஜனவரி 1997

அன்புள்ள பிரெண்டா,

புத்தாண்டு உங்களுக்கு நல்லபடியாகப் பிறந்திருக்கட்டும். மேக்னஸ் இருமல் நின்றதா? கையுறை எனக்குச் சரி. ஸ்வெட்டர் கை அவனுக்கு ஒரு சாண் குறைச்சல். அதையே போட்டுக்கொண்டு திரிகிறான்.

நான் வெளியே நின்றேன்.

நவம்பர் 23ஆம் தேதி யாரும் மைதானத்துக்குள் போகக்கூடாது, டிக்கெட் பணம் ஒரு பைசாகூட கார்னெலுக்குப் போகக்கூடாது என்று சங்கத்தில் முடிவு செய்தோம். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். ஊர் முழுக்க ஒட்டின நோட்டீஸில் கீழே இருப்பது என் கையெழுத்து. அப்போது ரோரி ஆடுவான் என்று யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சொன்னான். "மாமா, நாளைக்கு நான்தான் நிக்கிறேன். வருவீங்கல்ல?" என்றான். "கூட்டத்தைப் பாத்துக்கணும், பாக்கலாம்" என்றேன். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

பிரிட்ஜ் லேனில் ஆயிரக்கணக்கில் நின்றோம், மழையில். உள்ளே சில நூறு பேர் இருந்திருப்பார்கள். பேரி என் தோளைத் தட்டினான். "டேய், நீ உள்ள போ. பையன் முதல் ஆட்டம். எவனும் ஒண்ணும் சொல்லமாட்டான்."

"நான் போனா அந்த நோட்டீஸ்ல இருக்கற கையெழுத்துக்கு என்னடா மரியாதை?"

"உன் கையெழுத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. போ."

நான் போகவில்லை. கூட்டம் இல்லாத மைதானத்தில் சத்தமெல்லாம் வெளியே கேட்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பூட்ஸ் பந்தை அடிக்கிற சத்தம் கேட்கும். உன் மகன் "என்னோடது! விடு!" என்று கத்துகிற சத்தம் கேட்டது. வீட்டில் அவன் பேசினால் பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்காது. அங்கே அவ்வளவு பெரிய குரல். அதன் பிறகு பந்து என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் கைதட்டல் வந்தால் பிடித்துவிட்டான் என்று வைத்துக்கொண்டேன்.

மற்றதைப் பத்திரிகையிலிருந்து எடுத்து உனக்கு எழுதினேன். நீ கண்டுபிடிப்பாய் என்று நினைக்கவில்லை.

உன்
டெரிக்


ஸ்ட்ராம்னஸ்
2 பிப்ரவரி 1997

அன்புள்ள டெரிக்,

இருமல் நின்றுவிட்டது. இப்போது எனக்கு ஆரம்பித்திருக்கிறது.

நீ எழுதியதில் அந்த "என்னோடது! விடு!" மட்டும்தான் நிஜமான ஆட்டம். அதைத் தொழிற்சாலையில் யாருக்கும் வாசிக்கவில்லை, எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

வால்ஷ் விரல் குணமாகிவிட்டதாம், ஆனால் அவன் வேறு ஊருக்குப் போகப்போகிறானாம். கோடையோடு ரோரியின் ஒப்பந்தம் முடிகிறது. புது ஒப்பந்தம் பற்றிப் பேசுவார்கள் என்கிறான். அப்போது அவன் உன்னிடம்தான் முதலில் கேட்பான், அவன் அப்பாவிடம் அல்ல. நான் சொல்வது உனக்குப் புரியும்.

பிரெண்டா


ஹாக்ஸ்லி
23 மார்ச் 1997

அன்புள்ள பிரெண்டா,

எழுத நாளாகிவிட்டது. உடம்பு பரவாயில்லை. உன் இருமல் எப்படி?

பேச்சு உண்மையாகிவிட்டது. கார்னெல் மைதானத்தை விற்றுவிட்டார். அங்கே வீட்டுச் சாமான் கடை ஒன்று வரப்போகிறது, முன்னால் கார் நிறுத்த இடத்தோடு. அடுத்த சீசனிலிருந்து கிளப் மார்ஷ்பியில் ஆடும். பெயரும் மார்ஷ்பி யுனைடெட். சட்டையில் பச்சை வெள்ளை போய் ஊதா வருகிறது. ஆயிரம் பேரிடம் விசாரித்து எடுத்த முடிவாம். அந்த ஆயிரத்தில் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. நெஞ்சில் ஒரு சோபாக் கடையின் பெயர்.

ஊரில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. நேற்று என் பஸ்ஸில் ஒரு பெரியவர் பிரிட்ஜ் லேன் நிறுத்தத்தில் இறங்க எழுந்தவர், இறங்காமல் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் சும்மா இருக்கப்போவதில்லை. புது கிளப் ஒன்று தொடங்குகிறோம். ஹாக்ஸ்லி பெயர், பழைய நிறம். நகராட்சிப் பூங்காவில் ஒரு மைதானம் தருகிறார்கள். ஒரே ஒரு குறை, நடுவில் சரிவு. பேரி சொல்கிறான், ஒரு பாதி மலையேற்றம், ஒரு பாதி சறுக்கு மரம், காசு கொடுத்தால் இரண்டும் பார்க்கலாம் என்று. எல்லாருக்கும் ஆளுக்கொரு பங்கு, யாரும் யாருக்கும் விற்க முடியாதபடி விதி எழுதிக்கொண்டிருக்கிறேன். ராத்திரிகளெல்லாம் அதற்கே போகிறது.

ரோரி நன்றாகத்தான் இருப்பான்.

உன்
டெரிக்


ஸ்ட்ராம்னஸ்
6 ஏப்ரல் 1997

அன்புள்ள டெரிக்,

நலம். ஆட்டுக்குட்டிகள் பிறக்கிற காலம், பக்கத்துப் பண்ணைக்குப் போய் உதவுகிறேன். உன் கிளப்பைப் பற்றிப் படித்தேன். நல்லது. உன்னால் முடியும்.

இதோடு ஒரு பார்சல். பெரிய சீஸ் கட்டியும் ஓட்ஸ் பிஸ்கட்டும் ரோரிக்கு. அவன் பார்சலை வாங்கியதும் என்ன சொன்னான் என்று எழுது. காலையில் இப்போது என்ன சாப்பிடுகிறான்? பின்னறை ஜன்னலில் காற்று வருகிறதென்று சொன்னானே, சரிசெய்துவிட்டாயா? சாயங்காலம் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறீர்கள்?

சின்னக் கேள்விகள்தான். பதில் எழுது.

பிரெண்டா


ஹாக்ஸ்லி
20 ஏப்ரல் 1997

அன்புள்ள பிரெண்டா,

சுகம். பார்சல் வந்தது. ரோரியிடம் சேர்ந்துவிட்டது.

ஜன்னலுக்கு அட்டை வைத்து அடைத்துவிட்டேன், இப்போது காற்று வருவதில்லை.

புது கிளப் வேலை அதிகம். மேக்னஸைக் கேட்டதாகச் சொல்.

டெரிக்


டாரென் வீடு, ஹாக்ஸ்லி
4 மே 1997

அம்மாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? அப்பா எப்படி? நான் நன்றாக இருக்கிறேன். என்னோடு ஆடுகிற டாரெனின் சோபாவில் ஒரு ஸ்பிரிங் மட்டும் வெளியே வந்திருக்கிறது, அதற்கேற்றபடி படுக்கப் பழகிவிட்டேன். சீஸ் கிடைத்தது. பயிற்சி மைதானக் காவலாளியிடம் மாமா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பிஸ்கட் உடையாமல் இருக்க உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்திருந்தார். உன் வேலை இல்லை அது, எனக்குத் தெரியும்.

போனில் சில்லறை தீர்ந்துபோகும் என்பதால் அன்றைக்கு முழுசாகச் சொல்லவில்லை. மார்ச்சில் மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். மாமாவிடம் காட்டினேன். படித்தார். "கையெழுத்துப் போடப்போறியா?" என்றார். "வேற எந்தக் கிளப்பும் கூப்பிடல மாமா" என்றேன். "கேட்டதுக்குப் பதில் சொல்லு." "ஆமா." அப்போதுதான் சொன்னார்: "அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு இந்த வீட்டு வாசப்படி ஏறாதே." கத்தவில்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனிடம் சொல்கிற மாதிரி சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உன்னிடம் அவரே சொல்லட்டும் என்று நீ சொன்னாய். இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நேற்று பிரிட்ஜ் லேனில் கடைசி ஆட்டம். இந்தத் தடவை யாரும் வெளியே நிற்கவில்லை, எல்லாரும் விடைகொடுக்க வந்துவிட்டார்கள். நான் கையெழுத்துப் போட்ட செய்தி வியாழக்கிழமைப் பத்திரிகையில் வந்திருந்தது. பந்து என்னிடம் வரும்போதெல்லாம் ஊளையிட்டார்கள். முதல் பாதியில் என் கோலுக்குப் பின்னால்தான் சங்கத்து ஆட்கள். "துரோகி" என்றார்கள். "ஊதாப் பயலே, எவ்வளவுக்குடா போன?" என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு மாமா வீட்டுக்கு வந்து கேக் தின்ற பேரிதான் பெரிய தொண்டை.

மாமா அங்கேதான் நின்றார், இடது கம்பத்துக்கு நேராக. திரும்பினால் முகம் தெரியும். அவர் கத்தவில்லை அம்மா. கத்தினவர்களை ஒன்றும் சொல்லவும் இல்லை. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கோல் விட்டேன். இரண்டாவது என் தப்பு.

முடிந்ததும் எல்லாரும் உள்ளே ஓடிவந்து ஞாபகத்துக்கு எடுத்துப்போகக் கரண்டியால் புல்லைத் தோண்ட ஆரம்பித்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "கொஞ்சம் நகரு தம்பி, பெனால்டி புள்ளி வேணும்" என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் என்னைத் திட்டிக்கொண்டிருந்த அதே ஆள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாரெனின் காரில் அழுதேன், அதை அப்பாவிடம் சொல்லாதே.

மாமா மேல் கோபப்படாதே. எனக்குக் கோபமே இல்லை என்றால் அது பொய். ஆனாலும் நீ படாதே.

ரோரி


ஸ்ட்ராம்னஸ்
8 மே 1997

டெரிக்,

நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை.

உன் வீட்டில் ரோரி இல்லை என்று மார்ச்சிலிருந்தே எனக்குத் தெரியும். நீயே எழுதுவாய் என்று காத்திருந்தேன். காலையில் என்ன சாப்பிடுகிறான் என்று எதற்குக் கேட்டேன்? எனக்குத் தெரியாமலா? நீ ஜன்னலுக்கு அட்டை வைத்ததை எழுதினாய். யாருமில்லாத அறையின் ஜன்னலுக்கு.

நீ கார்னெலை வெறுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த மைதானத்தில்தான் நானும் மேக்னஸை முதலில் பார்த்தேன். பந்தயம் பார்க்க வந்த தீவுக்காரர், யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கத்துக்கும் தட்டிக்கொண்டிருந்தார். அது போகிறதென்றால் எனக்கும் வலிக்கும். ஆனால் மைதானத்தை விற்றது யார்? அவரை ஊளையிட உங்களுக்கு வழியில்லை. அவர் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார். கைக்கெட்டின தூரத்தில் நின்றவன் என் மகன். அதனால் அவனைத் திட்டினீர்கள்.

நவம்பரில் உன் கையெழுத்துக்கு மரியாதை வேண்டும் என்று வெளியே நின்றாய். சரி என்று நான் ஒத்துக்கொண்டேன், மனதாரவே. சனிக்கிழமை நீ உள்ளே இருந்தாய். பேரியிடம் "வாயை மூடு" என்று சொல்ல எந்த நோட்டீஸ் தடுத்தது?

அவன் என்னைக் கோபப்பட வேண்டாம் என்கிறான். உனக்கு அவனைவிட நாற்பது வயது அதிகம்.

பிரெண்டா


ஹாக்ஸ்லி
27 ஜூலை 1997

அன்புள்ள பிரெண்டா,

நீயும் மேக்னஸும் நலமா? ஜூனில் ரோரி அங்கே வந்திருந்தபோது எல்லாம் சொல்லியிருப்பான். அவன் கையில் நீ எனக்குக் கொடுத்தனுப்பிய சீஸ் கிடைத்தது. கடிதம் இல்லாமல் சீஸ் மட்டும் வந்தது ஏன் என்பதும் புரிந்தது. இப்போது என் பக்கத்தை நானே எழுதவேண்டும்.

உன் கடிதத்தைப் படித்த அன்று சாயங்காலமே டாரென் வீட்டுக்குப் போனேன். ரோரிதான் கதவைத் திறந்தான், வாயில் பல் பிரஷ்ஷோடு.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. வீட்டுக்கு வா" என்றேன்.

பிரஷ்ஷை எடுத்துவிட்டுக் கேட்டான், "சட்டை?"

"சட்டையோடதான்."

"நான் கையெழுத்துப் போட்டது தப்புன்னு நான் நெனைக்கல மாமா."

"நான் நெனைக்கிறேன். இன்னிக்கும் நெனைக்கிறேன். அதுக்கும் நீ வீட்டுக்கு வர்றதுக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்ப சனிக்கிழமை?"

அவன் எந்தச் சனிக்கிழமையைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். "அவனுங்க வாயை நான் மூடியிருக்கணும். என் காலு நகரல, ரோரி" என்றேன். வேறு விளக்கம் என்னிடம் இல்லை. உனக்குச் சொல்லவும் அதுதான். பிறகு "வாயைக் கொப்பளிச்சிட்டு வரேன்" என்று உள்ளே போனான். பையோடு வந்தான்.

ஜூலையில் பயிற்சி ஆரம்பித்தது. விடியற்காலை ஐந்தரைக்கு முதல் பஸ்ஸை நான்தான் எடுக்கிறேன், அதில் அவனை ரயிலடியில் விடுகிறேன். மார்ஷ்பியில் பயிற்சித் துணியை ஆட்டக்காரர்களே துவைத்துக்கொள்ளவேண்டுமாம். அவ்வளவு பெரிய ஸ்டேடியம் கட்டினவர்கள் ஒரு துவைக்கிற இயந்திரம் வாங்கவில்லை. அந்த ஊதாச் சட்டைகளை அவன் குளியலறையில் காயப்போட்டான், கதவைச் சாத்தி. நான் சொல்லவில்லை, அவனாகத்தான். நம் பின்கட்டுத் துணிக்கொடி சந்துப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது அல்லவா, போகிற வருகிறவர்கள் கண்ணில் படும். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் காலையில் பஸ்ஸில் அவன் உட்கார்ந்து எழுந்த இருக்கை ஈரமாக இருந்தது. "என்னடா இது?" என்றேன். "உள்ள காய மாட்டேங்குது மாமா. பரவால்ல, உடம்புச் சூட்டுல காஞ்சிடும்" என்றான்.

மறுநாள் எனக்கு விடுமுறை. இரண்டு சட்டையையும் நானே துவைத்துக் கொண்டுபோய்ப் பின்கட்டுக் கொடியில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பேரி வந்தான், மைதானத்தில் கோடு போடுகிற சுண்ணாம்பு விஷயமாக. கொடியைப் பார்த்தான். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான்.

"என்னடா தொங்குது?"

"என் மருமகன் துணி."

"செயலாளர் வீட்டுக் கொடியில அந்தக் கலரா? நாளைக்கு நம்ம பங்கு எவன் வாங்குவான்? ஊரே சிரிக்கும்டா டெரிக். உள்ள எடு."

"எடுக்க மாட்டேன்."

"அவன் ஊரையே விட்டுட்டுப் போனவன்."

"எங்கயும் போகல. பின்னறையிலதான் இருக்கான். அவனை மே மாசம் நீ திட்டினப்ப நான் வாயைத் திறக்கல, பேரி. இப்பத் திறக்கறேன். இனிமே அவனைப் பத்தி என் காதுபட ஒரு வார்த்தை பேசாதே. செயலாளர் வேற ஆளா இருக்கணும்னா புதன்கிழமை கூட்டத்துல சொல்லு."

அவன் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

புதன்கிழமை பேரி ஒன்றும் சொல்லவில்லை. வேறு ஒருவர் சொன்னார். கை தூக்கச் சொன்னார்கள். கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் என் பதவி போய்விட்டது. பேரி எந்தப் பக்கத்துக்கும் கை தூக்கவில்லை. இப்போது ஒரு பள்ளி ஆசிரியை செயலாளர். என்னைவிட நன்றாக எழுதுகிறாள், எழுத்துப் பிழையும் இல்லை. எனக்குக் கோடு போடுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். சரிவில் நேர்கோடு போடுவது லேசில்லை. இது நான் சேர்ந்து தொடங்கின கிளப், கோடு போட்டாவது அதில் இருப்பேன்.

ஆகஸ்டில் மார்ஷ்பியின் முதல் ஆட்டத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் வருவதாக ரோரி சொன்னான். வாருங்கள், முன்னறையைத் தயார் செய்துவிட்டேன். அன்றைக்கே பூங்காவில் எங்களுக்கும் முதல் ஆட்டம், அதனால் நான் உங்களோடு வரமுடியாது. முடிந்திருந்தாலும் வந்திருக்கமாட்டேன். அந்த வாசலுக்குள் நான் ஒருநாளும் போகப்போவதில்லை, ரோரிக்கும் அது தெரியும். இந்தத் தடவை நேராகவே எழுதிவிட்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். சட்டைகள் பதினோரு மணிக்கே காய்ந்துவிட்டன. சாயங்காலம்வரை நான் எடுக்கவில்லை.

உன்
டெரிக்